சண்டை மூளும்போது அடுப்படிக்குப் போகாதீர்கள்

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். சம்பளத்தைக் கணவர் வாங்கிக்கொள்கிறார். குடித்துவிட்டு அடிப்பார். போன வாரம் கழுத்தை நெரித்தார். "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்" என்கிறார் அம்மா. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. இப்போதைக்கு வீட்டை விட்டுப் போக முடியாது. அடுத்த முறை என்ன செய்வது? பிள்ளைகளோடு வெளியேறினால் அவர்களை இழந்துவிடுவேனா?

– வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: கழுத்தை நெரித்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள், தங்கையே. எனக்கு அதைத் தாண்டி வாசிக்க மனம் வரவில்லை. அடிக்கிறவர் கழுத்தில் கை வைத்துவிட்டால் ஆபத்து உயிர்வரை வந்துவிட்டது. வெளியே தடம் இல்லாமலும் உள்ளே காயம் இருக்கலாம். இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 'வழுக்கி விழுந்தேன்' என்று சொல்ல வேண்டாம். நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் அந்தத் தாள் பேசும்.

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அரசுப் பாதுகாப்பு அலுவலராக நான் இருந்தபோது என்னிடம் வந்த பெண்களில் பலர், சண்டை மூண்டதும் அடுப்படிக்குள் போனவர்கள். அங்கே அரிவாள்மனையும் கொதிக்கும் எண்ணெயும் இருக்கின்றன. குளியலறைக்கோ ஒரே கதவு. அவர் குரல் ஏறும்போதே தெருக்கதவுப் பக்கம் வந்துவிடுங்கள். மகள் குறுக்கே விழுந்து தடுக்கக் கூடாது. தம்பியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டும். அந்த வீட்டு அக்காவிடம் முன்பே சொல்லி வையுங்கள்: இரவில் பிள்ளை வந்து "உறைமோர் வேண்டும்" என்று கேட்டால், அவர் உடனே அவசர உதவி எண் 112-ஐ அழைக்க வேண்டும்.

ஆதார், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், நகை ரசீது இவற்றின் நகல்களை, மாற்றுத் துணியோடும் கொஞ்சம் பணத்தோடும் ஒரு பையில் போட்டு நம்பிக்கையான தோழி வீட்டில் வையுங்கள். உங்கள் வீட்டில் ஒளித்து வைக்காதீர்கள். அந்தப் பை அவர் கையில் சிக்குகிற இரவுதான் மோசமான இரவு. அதே காரணத்துக்காக, 'போய்விடுவேன்' என்று கோபத்தில்கூடச் சொல்லாதீர்கள். பெண் பிரிந்து போகிற நேரத்தில்தான் அடிக்கிறவரின் வெறி கூடும்.

மகளிர் உதவி எண் 181. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உங்கள் போனை அவர் பார்ப்பார் என்றால் வேலையிடத்தில் தோழியின் போனிலிருந்து பேசுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் உங்களோடு உட்கார்ந்து பாதுகாப்புத் திட்டம் எழுதித் தர வேண்டும். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் விதிகளில் அதற்கென்றே தனிப் படிவம் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

உங்கள் அம்மா பயத்தில் பேசுகிறார், அவர்மேல் வருத்தம் வேண்டாம். ஆனால் அந்தப் பொறுமை பிள்ளைகளைக் காக்காது.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவில், அவர்களைத் தற்காலிகமாக உங்கள் பொறுப்பில் விடும்படி நீதிபதி உத்தரவிடலாம். நீங்கள் தாய்வீட்டில் தங்கியிருந்தால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனுக் கொடுக்கலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாகத் தருகிறது. இந்தப் பக்கத்தைக் கிழித்து வீட்டில் வைக்க வேண்டாம். எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.