பூட்டிவைத்த குறிப்பேடு

வணக்கம். நான் செவிலியர். எங்களுடன் இருந்த மயக்கவியல் மருத்துவர் சென்ற மாதம் இறந்துவிட்டார். போதைமருந்து என்கிறார்கள். அவரிடம் மாற்றம் தெரிந்தபோதே கவனித்தேன். சொன்னால் அவர் வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். தவறா? உயிர் காப்பவர்களுக்கே மனபலம் இல்லாமல் போவது ஏன்? இப்போது தியான வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். மூன்று வாரமாக எனக்குத் தூக்கமில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் அந்த ‘மனபலம்’ என்ற சொல்லை விட்டொழியுங்கள். சர்க்கரை நோயாளியிடம் உன் கணையத்துக்குப் பலமில்லை என்று சொல்வீர்களா? தியான வகுப்பு இருக்கட்டும். இரவுப் பணி முடித்தவருக்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தூங்கக் கொடுக்கலாம்.

சில நாட்களாக வில்லியம் ஹால்ஸ்டெட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க அறுவை மருத்துவர். அறுவை அரங்குக்கு ரப்பர் கையுறையைக் கொண்டுவந்தவர். கிருமிநாசினியால் கை புண்ணான ஒரு செவிலிக்காகச் செய்வித்தார். பிறகு அவரையே மணந்தார். 1884இல் கோகெய்ன் மரத்துப்போகச் செய்கிறது என்று தெரிந்ததும் அவரும் சகாக்களும் தங்கள் உடம்பிலேயே சோதித்தார்கள். அதற்கே அடிமையானார்கள். சிலர் அதிலேயே மாண்டார்கள். கோகெய்னிலிருந்து மீளப் போய் ஹால்ஸ்டெட்டைப் பிடித்த மார்பின் 1922இல் சாகும்வரை விடவில்லை. உடன் பணியாற்றிய ஆஸ்லருக்குத் தெரியும். ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பூட்டிவைத்தார். திறந்தது 1969இல்.

“அப்படியும் மேதையாக இருந்தாரே” என்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாண்ட சகாக்களில் ஒருவர் பெயராவது சொல்லுங்கள் பார்ப்போம்! ஹால்ஸ்டெட்டுக்கு வெல்ச் என்றொரு நண்பர் இருந்தார். சிகிச்சை முடிந்து வந்தவரை, எல்லாம் தெரிந்தே, தன் ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்டார். சகாக்களுக்கு அப்படி யார் வாய்த்தார்கள்?

சொன்னால் வேலை போகும் என்றீர்கள். அமெரிக்காவில் போதையிலிருந்து மீளச் சிகிச்சையும் கண்காணிப்பும் பெற்ற 904 மருத்துவர்களைப் பற்றி 2008இல் ஓர் ஆய்வு வந்தது. ஐந்தாண்டுக் கண்காணிப்பில் நான்கில் மூவருக்கு மேல் ஒரு பரிசோதனையில்கூடச் சிக்கவில்லை. பெரும்பாலோர் மருத்துவம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

என் அக்காவும் செவிலியர். உடன் வேலை பார்த்த பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்ட மறுநாள், டூட்டி பட்டியலில் அந்தப் பெயர்மீது வெள்ளை மை பூசி அக்காவின் பெயரை எழுதியிருந்தார்கள். “வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் அவள் பெயர் தெரிகிறது” என்றாள் அக்கா. நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நாசூக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

தவறா என்றீர்கள். வாயை மூடிக்கொண்டது தவறுதான். என் தவறும் அதுவே. அந்த மரணம் மட்டும் உங்கள் கணக்கில் வராது. மூன்று வாரமாகத் தூக்கமில்லை என்பதைக் கடைசி வரியில் ஒளித்து எழுதியிருக்கிறீர்கள். அதை எனக்கு எழுதினால் போதாது. நாளையே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.