ஆச்சியின் முழங்காலுக்குச் சிவப்பு விளக்கு வைக்கலாமா?

கேள்வி: முக்கூடலில் இருக்கும் எங்கள் ஆச்சிக்கு 68 வயது. பல வருடம் கீழே உட்கார்ந்து பீடி சுற்றியவர். மூட்டு வலிக்கு பிசியோதெரபியில் சிவப்பு விளக்கு வைத்தார்கள், சுகமாக இருந்தது என்று வீட்டுக்கே ஒன்று வாங்கிவிட்டோம். "அது கதிர்வீச்சு, புற்றுநோய் வரும்" என்கிறார் எதிர்வீட்டு அத்தை. ஆச்சிக்கு 12 வருடமாக சுகரும் உண்டு. வைக்கலாமா?

பதில்: புற்றுநோய்ப் பயம் வேண்டாம். எனக்குக் கவலை தருவது, கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த சுகர்தான்.

எக்ஸ்ரேக்கு நம் மரபணுவை உடைக்கும் வலு உண்டு. இந்த விளக்கிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிருக்கு அது கிடையாது, சூடாக்கத்தான் தெரியும். திசையன்விளைப் பக்கம் கருப்பட்டி காய்ச்சும் அடுப்பு முன்னால் நின்றால் முகத்தில் அனல் அடிக்குமே, அதுவும் இதே கதிர்தான். வெயிலின் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி இதுதான். டிவி ரிமோட்டிலும் இது இருக்கிறது, சூடுகூடத் தெரியாத அளவில். நெற்றிக்கு நேரே காட்டும் தெர்மாமீட்டரோ கதிர் எதையும் விடுவதில்லை. நம் உடம்பிலிருந்து வருவதை வாங்கி அளக்கிறது.

ஆனால் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் சூடு பட்டால் தோல் கெடும். காஷ்மீரில் குளிருக்கு உடைக்குள்ளே கனல் சட்டி வைத்துக்கொள்கிறவர்களுக்குத் தொடையிலும் வயிற்றிலும் தோல் புற்றுநோய் வருவதுண்டு. ஆச்சியின் காலில் வலை பின்னியதுபோல் பழுப்புத் தடம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

இப்போது சுகருக்கு வருகிறேன். என்னிடம் வந்த ஓர் அம்மா, விளக்கைப் பாதத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தபடியே கண் அசந்துவிட்டார். சேலை ஓரம் ஈரமாக இருப்பதைப் பார்த்துத்தான் கொப்புளம் உடைந்ததே அவருக்குத் தெரிந்தது. வலியே இல்லை. சுகரால் நரம்பு மரத்துப்போன கால் அப்படித்தான். அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆனது.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். இரண்டு எவர்சில்வர் டம்ளரில் ஒன்றில் வெதுவெதுப்பான நீர், மற்றதில் குளிர்ந்த நீர். ஆச்சியைக் கண்ணை மூடச் சொல்லி, முழங்காலிலும் பாதத்திலும் மாற்றி மாற்றித் தொட வையுங்கள். எது சூடு என்று ஒரு தடவை தப்பாகச் சொன்னாலும் விளக்கே வேண்டாம். சரியாகச் சொன்னாலும் மருத்துவரிடம் ஒருமுறை காலைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

விளக்கு ஒன்றரை முதல் இரண்டு அடி தள்ளி இருக்கட்டும், 15 நிமிடம் போதும். தைலம் தடவியிருந்தால் கழுவித் துடைத்த பிறகே வைக்க வேண்டும். பாதத்தைத் துண்டால் மூடுங்கள். விளக்கை யாரும் உற்றுப் பார்க்கக் கூடாது. உலை முன்னால் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்த கண்ணாடித் தொழிலாளர்களுக்குக் கண்புரை வந்திருக்கிறது. நடுவில் உங்கள் புறங்கையை ஆச்சியின் முழங்காலுக்குப் பக்கத்தில் நீட்டிப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அவருக்கும் சுடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சூடு தரும் சுகம் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி மடக்கும் பயிற்சியைச் செய்ய வையுங்கள். அப்புறம், ஆச்சி தூங்கி விழுகிற மத்தியான வேளையில் விளக்கைப் போடாதீர்கள். எப்போது போட்டாலும் அணைக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.