தாம்பரம் புறநகர் நிலையம்தானே, அங்கே ஏன் இவ்வளவு வெளியூர் ரயில்கள்?

கதை 1931-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டுதான் சென்னை கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் மின்சார ரயில் பாதை அது. 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய வண்டிகள் 1960-களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறின. அப்புறம் அகலப் பாதை வந்தது. 2004-இல் கடைசி மீட்டர் கேஜ் வண்டியும் விடைபெற்றது.

மின்ரயில்களை நிறுத்திப் பராமரிக்க ஆரம்பத்திலிருந்தே இங்கே இடம் இருந்தது. எழும்பூரில் நெரிசல் முற்றியபோது அது கைகொடுத்தது. எழும்பூர், சென்ட்ரலுக்கு அடுத்த முனையமாகத் தாம்பரம் வளர்ந்தது அப்படித்தான். ஐதராபாத் போகும் சார்மினார் எக்ஸ்பிரஸும் நாகர்கோவில் போகும், முன்பதிவில்லாப் பெட்டிகள் மட்டுமே கொண்ட அந்தியோதயா எக்ஸ்பிரஸும் இங்கிருந்தே கிளம்புகின்றன. தென்மாவட்ட ரயில்கள் பலவும் இங்கே நின்று போகும். குரோம்பேட்டை, சேலையூர்வாசிகள் பெட்டி படுக்கையோடு எழும்பூர் வரை அலைய வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், நிலையத்தின் பெரிய சேவையே அதுதான்.

புறநகர் வண்டி கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் நாள் முழுக்க உண்டு. விமான நிலையத்துக்கு என்றால் திரிசூலத்தில் இறங்குங்கள், எதிரிலேயே இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம்: ஜி.எஸ்.டி. சாலை (சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை) மேற்குப் பக்கம், கிறித்தவக் கல்லூரி கிழக்குப் பக்கம். மாறி இறங்கினால் நடைமேம்பாலம் ஏறி இறங்கியே கால் வலித்துவிடும்.