நாய்க்குக் கட்டி வந்தால்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், எங்க லாப்ரடாருக்கு 9 வயசு. விலாவில் எலுமிச்சை அளவுக்கு மெத்துன்னு ஒரு கட்டி. தடவிப் பார்த்துட்டு "கொழுப்புக்கட்டிதான், விடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. விட்டுடலாமா?

பதில்: கொழுப்புக்கட்டியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வயதான, எடை கூடிய லாப்ரடார்களுக்கு அது சகஜம். ஆனால் விரலை நம்பி விட்டுவிடாதீர்கள். மாஸ்ட் செல் கட்டி என்ற தோல் புற்றும் சில சமயம் இதே மாதிரி மெத்தென்று தோலுக்கடியில் உட்கார்ந்திருக்கும். ஊசியால் உறிஞ்சிப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்கு 22 அல்லது 23 கேஜ் ஊசி, 5 மில்லி சிரிஞ்ச், நாலைந்து கண்ணாடி ஸ்லைடு போதும். பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டாம். தடுப்பூசிக்குத் துள்ளுகிற அளவுதான் துள்ளும். கட்டிக்குள் இரண்டு மூன்று திசைகளில் ஊசியைச் செலுத்தி எடுத்ததை ஸ்லைடில் பீச்சி, மெல்லப் பரப்பி, காற்றில் உலர்த்தி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். கொழுப்பு என்றால் ஸ்லைடு எண்ணெய் தடவியது போல மினுங்கும், உலராது. அதை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஊசி கட்டியைத் தவறவிட்டு பக்கத்துக் கொழுப்பில் இறங்கியிருந்தாலும் அப்படித்தான் மினுங்கும்.

கேள்வி: சின்னச் சின்னதா நிறைய இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஓடணுமா?

பதில்: 1 செ.மீ.க்கு மேல், அதாவது பெரிய பட்டாணி அளவு இருந்தாலோ, ஒரு மாதமாகியும் போகாமல் இருந்தாலோ காட்டிவிடுங்கள். வேகமாக வளர்ந்தாலும், புண்ணானாலும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். நாய் படம் ஒன்று வரைந்து இடத்தைக் குறித்து, தேதியும் அளவும் எழுதுங்கள். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். கிளம்பும் முன் கட்டியைச் சுற்றி முடியைக் கத்தரித்துவிடுங்கள். ஆஸ்பத்திரி மேஜையில் நாயை நிறுத்தியதும் கட்டி எங்கே என்று தேடுவது தினசரி நடக்கிற கூத்து. இன்னொன்று: இரத்தம் குடித்து உப்பிய உண்ணியும் கட்டி மாதிரிதான் இருக்கும். ஆண் நாய்க்கும் பால் காம்பு உண்டு, அதை உண்ணி என்று நினைத்துப் பிடுங்காதீர்கள்.

கேள்வி: எங்க பக் (pug) இன நாய்க்குத் தொடையில் ஒரு கட்டி. ஒரு நாள் பெருசாகுது, மறுநாள் சுருங்குது. அமுக்கினா சிவந்து தடிக்குது.

பதில்: முதலில் அமுக்குவதை நிறுத்துங்கள். நீங்கள் சொல்வது மாஸ்ட் செல் கட்டியின் குணம். அதன் செல்களில் ஹிஸ்டமின் என்ற, வீக்கத்தை உண்டாக்கும் வேதிப்பொருள் நிறைந்திருக்கிறது. சீண்டினால் வெளியே கொட்டி வீங்கும், பிறகு வடியும். "சுருங்கிடுச்சே, சரியாகுது" என்று நினைப்பதுதான் இதில் ஏமாற்று. அதே ஹிஸ்டமின் வயிற்றில் அமிலத்தைக் கூட்டிப் புண்ணாக்கும். வாந்தி இருந்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ அன்றே காட்டுங்கள்.

ஊசிப் பரிசோதனையில் உறுதியானால், எடுக்கும்போது கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. சுற்றிலும் பொதுவாக 2 செ.மீ., அடியில் ஒரு தசையுறை வரை சேர்த்து எடுக்க வேண்டும். "சின்னதுதானே" என்று என்னவென்று தெரியாமலே நறுக்கி எடுத்தால் வேர் தங்கிவிடும். காலில் இரண்டாம் முறை வெட்டினால் மூடுவதற்குத் தோல் பற்றாது.

கேள்வி: தாடைக்குக் கீழே ரெண்டு பக்கமும், முழங்காலுக்குப் பின்னாலயும் நெறிகட்டியிருக்கு. பிரெட்னிசலோன் கொடுத்தோம், குறைஞ்சது. இப்ப திரும்ப வந்திருக்கு.

பதில்: பல இடங்களில் ஒரே நேரத்தில் நெறிகட்டினால் இரண்டைச் சந்தேகிக்க வேண்டும்: உண்ணிக் காய்ச்சல், நிணநீர்ப் புற்றான லிம்ஃபோமா. இரத்தப் பரிசோதனையோடு, வீங்கிய நிணநீர்க் கணுவிலும் ஊசியால் உறிஞ்சிப் பார்க்கச் சொல்லுங்கள். தோளுக்கு முன்புறக் கணுவோ முழங்கால் பின்புறக் கணுவோ நல்லது. தாடைக் கணு பல் சொத்தைக்கும் வீங்கும் என்பதால் குழப்பும்.

பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு, அதைக் கொடுத்ததுதான் சிக்கல். லிம்ஃபோமாவை அது சில நாள் சுருக்கிக் காட்டும், பரிசோதனை மாதிரியைக் கெடுக்கும், பின்னால் கீமோ என்ற புற்றுநோய் மருந்துச் சிகிச்சைக்கும் கட்டி சரியாக மசியாது. எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி: தெருவிலிருந்து எடுத்து வளர்க்கிற நாய். பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி சதை, சொட்டுச் சொட்டா இரத்தம். ஹீட்னு நினைச்சோம், மூணு மாசமா நிக்கல.

பதில்: நம் ஊர்த் தெருநாய்களிடம் அதிகம் பார்க்கிற டி.வி.டி. (TVT) என்ற தொற்றுப் புற்றுக்கட்டியாக இருக்கலாம். இணை சேரும்போது உயிருள்ள புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக்கொள்ளும். நக்குவதாலும் மோப்பத்தாலும் மூக்கிலும் வரும். ஸ்லைடை ஒற்றி எடுத்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். அறுவை மட்டும் செய்தால் திரும்பி வரலாம். வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து ஊசி வாரம் ஒன்று, பொதுவாக 4 முதல் 6 வாரம். பெரும்பாலான நாய்களுக்கு முழுதாகக் குணமாகிவிடும். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். மருந்து இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் தசை அழுகும், அதனால் ஊசி போடும்போது நாயை அசையாமல் பிடியுங்கள். சிகிச்சை நாட்களில் சிறுநீர், மலத்தைக் கையுறை போட்டே சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: கருத்தடை செய்யாத பெண் நாய், 8 வயசு. மடியில் மிளகு அளவு ஒண்ணு. வளருதான்னு பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். மடிக்கட்டியில் ஏறக்குறைய பாதி புற்றாகவே இருக்கும், சின்னதாக இருக்கும்போது எடுப்பதே லாபம். ஐந்து ஜோடி மடியையும் தடவிப் பாருங்கள், ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று ஒளிந்திருக்கும். அறுவைக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே மூன்று கோணத்தில் எடுக்க வேண்டும். மடி முழுக்கச் சிவந்து, சூடாகி, கல்லாகியிருந்தால் பால்கட்டு என்று நினைத்துவிடாதீர்கள். புற்றில் ஒரு வகை அப்படியே வரும், அதற்குக் கத்தி வைப்பதில்லை.

கேள்வி: எடுத்த கட்டியை லேபுக்கு அனுப்பணுமா? செலவு வேற.

பதில்: அனுப்புங்கள். என்ன கட்டி, எந்த கிரேடு (எவ்வளவு வீரியமானது), வெட்டிய ஓரத்தில் புற்றுச் செல் இல்லாமல் சுத்தமா என்பது அதில்தான் தெரியும். கட்டி கெடாமல் ஊறவைக்கும் 10 சதவீத ஃபார்மலின் திரவம், கட்டியைப் போலப் பத்து மடங்கு. பெரிய கட்டியாக இருந்தால் மருத்துவர் உள்ளே மருந்து இறங்கக் கீறல் போட்டு வைப்பார். ஃப்ரீசரில் வைத்தால் வீண். ஊசி ஸ்லைடுகளை அந்த டப்பாவோடு சேர்த்துப் பொதியக் கூடாது; ஃபார்மலின் ஆவி பட்டால் சாயம் பிடிக்காது.

கேள்வி: ஒரு வயசுக் குட்டிக்குக் காதில் சிவப்புப் பொத்தான் மாதிரி?

பதில்: இளம் நாய்களுக்கு வரும் ஹிஸ்டியோசைட்டோமா என்ற, புற்றல்லாத தோல் கட்டியாக இருக்கலாம். ஊசியில் உறுதி செய்துகொண்டால், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே உதிர்ந்துவிடும். அதுவரை ஸ்டீராய்டு களிம்பு தடவாதீர்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்திதான் அதைக் கரைக்கிறது.

கேள்வி: மஞ்சள் சுண்ணாம்பு பற்றுப் போடலாமா?

பதில்: கூடாது. தோல் வெந்துவிடும், நாய் நக்கினால் வாயும் வேகும். அந்தப் புண்ணில் ஊசி போட்டால் ஸ்லைடு முழுக்கச் சீழ்ச் செல்தான் தெரியும்.