வாசகர் கேள்வி – பதில்: ஒன்பதரை எப்படி ஏழானது?

கேள்வி: அண்ணா, இன்ரர்போல் என்ற நியூயோர்க் றொக் குழுவின் 'டேர்ன் ஒன் த பிறைற் லைற்ஸ்' அல்பம் 2002இல் வந்தபோது பிட்ச்ஃபோர்க் அதற்கு 9.5 புள்ளி போட்டு, அந்த வருடத்தின் மிகச் சிறந்த அல்பம் என்றும் வைத்தது. 2021இல் அதே ஆட்களே 7.0 என்று குறைத்துவிட்டார்கள். அல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை. அப்படியென்றால் என்னதான் மாறியது? நான் இன்னமும் 9.5 பக்கம்தான்.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: நானும் அந்த அல்பத்தின் பக்கம்தான், ஆனால் 9.5இன் பக்கம் இல்லை. பாட்டுக்குத் தசமத்தில் புள்ளி போடுவது பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி பார்த்து மாப்பிள்ளை எடுக்கிற மாதிரி. எங்கள் ஊரில் அதுவும் நடக்கிறதுதான், ஆனபடியால் உங்களைக் குறை சொல்லவில்லை.

மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிட்ச்ஃபோர்க் என்பது 1990களின் நடுவில் அமெரிக்காவின் மினியாப்பொலிஸில் ஒரு இளைஞர் தொடங்கிய இசை விமர்சன இதழ். இன்டி றொக் கேட்கிறவர்களிடம் அதற்கு ஒரு காலத்தில் பயங்கரச் செல்வாக்கு. பத்தும் போடுவார்கள், பூச்சியமும் போடுவார்கள். தங்கள் 25ஆவது ஆண்டையொட்டிப் பழைய விமர்சனங்கள் கொஞ்சத்தை எடுத்து, இன்றைக்கென்றால் என்ன புள்ளி போட்டிருப்போம் என்று திருத்தி வெளியிட்டார்கள். டாஃப்ட் பங்கின் 'டிஸ்கவரி' 6.4இல் இருந்து நேரே 10க்கு ஏறியது. இன்ரர்போல் இறங்கியது.

மாறியது கேட்கிற ஆட்களின் சூழல். 2001இல் த ஸ்ட்ரோக்ஸ் என்ற நியூயோர்க் குழு வந்த பிறகு நியூயோர்க்கில் இருந்து கிற்றாரோடு வந்த எல்லாரையும் தோளில் தூக்கிய காலம் அது. இன்ரர்போல் தங்கள் அல்பத்தை ஒலிப்பதிவு செய்ததே 2001 நவம்பரில், செப்ரெம்பர் 11 தாக்குதல் நடந்து இரண்டு மாதமளவில். அந்த நகரத்து ஆட்கள் தங்கள் துக்கத்தையும் சேர்த்துத்தான் அதைக் கேட்டார்கள். இருபது வருடம் போகத் துக்கம் ஆறிவிட்டது, அவர்கள் போட்டுவந்த கறுப்புக் கோட்டும் ரையும் பழசாகிவிட்டன, குழுவின் பிந்திய அல்பங்கள் சோர்ந்துபோன கணக்கும் முதல் அல்பத்தின் தலையில் விழுந்துவிட்டது என்பது என் ஊகம். எங்களுக்கோ 2002 என்றால் யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை திறந்த வருடம், ரொறன்ரோ மச்சான்மாரும் லண்டன் சித்தப்பாமாரும் வந்து இறங்கத் தொடங்கிய வருடம். அவர்கள் பெட்டிக்குள் வந்த இசைத்தட்டுகளை நாங்கள் யார் என்ன புள்ளி போட்டார் என்று தெரியாமலே கொப்பி அடித்துக் கேட்டோம். அது நல்லதாகப் போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, அல்பத்துக்கு வருவோம். அதன்மேல் விமர்சகர்கள் வைக்கிற பெரிய குற்றச்சாட்டு, 1970களின் கடைசியில் இருந்த இங்கிலாந்துக் குழு ஜோய் டிவிஷனின் கொப்பி என்பது. பாடகர் போல் பாங்ஸின் கனத்த குரலைக் கேட்டதும் அதை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். குரல் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குரலை விட்டுவிட்டு வாத்தியங்களைக் கேளுங்கள். ஜோய் டிவிஷனில் கிற்றார் பல இடங்களில் ஒதுங்கி நிற்கும், பீற்றர் ஹுக் பேஸ் கிற்றாரை உச்சத்தில் பிடித்து மெட்டையே அதில் வாசிப்பார், நடுவில் நிறைய இடம் வெறுமனே கிடக்கும். அந்த வெறுமைதான் அவர்களுடைய சத்தம். இன்ரர்போலில் இரண்டு கிற்றார். டானியல் கெஸ்லர் ஒரு பக்கத்தில் விட்டுவிட்டு வெட்ட, அந்த இடைவெளிக்குள் பாங்ஸின் கிற்றார் வந்து குந்திக்கொள்ளும், கீழே கார்லோஸ் டெங்லரின் பேஸ் ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். இடம் வெறுமையாக இருப்பதே குறைவு. ஒருவர் காலியாக விட்டதை மற்றவர் நிரப்பியிருக்கிறார் என்றால் அது எப்படிக் கொப்பி ஆகும்?

முதல் பாட்டு 'அன்ரைற்றில்ட்'டை எடுங்கள். எதிரொலி போட்ட ஒரு கிற்றார் மட்டும் தனியே வருகிறது. கொஞ்சம் பொறுத்துப் பேஸும் ட்ரம்ஸும் உள்ளே வர, அந்தக் கணத்தில் பாட்டின் பாரமே மாறுகிறது. பாடகர் இன்னமும் வாய் திறக்கவில்லை. திறந்தாலும் சில வரிதான். முதல் அல்பத்தின் முதல் பாட்டில் பாடகரைக் காக்க வைக்கிற துணிச்சல் எல்லாருக்கும் வராது. ஹெட்போன் போட்டு இரவில் கேட்டுப் பாருங்கள், போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. பாட்டு வரிகள் சில இடங்களில் சகிக்க முடியாது, அதைச் சொல்லி ஒரு விமர்சகர் புள்ளி வெட்டினால் நான் வாய் திறக்கமாட்டேன். பிற்பாதியில் 'த நியூ' வருகிறபோது எனக்கு நித்திரை தூங்கும். இதையெல்லாம் காட்டி 7.0 போட்டால் நியாயமான சண்டை. ஜோய் டிவிஷன் என்று ஒரு பெயரைச் சொல்லிப் போட்டால், அவர் கேட்டது குரலை மட்டும்.

கேள்வி: நியூற்றல் மில்க் ஹொட்டேல் என்ற குழுவின் 'இன் த ஏரோப்பிளேன் ஓவர் த சீ' (1998) உலக மகா அல்பம் என்று எல்லாரும் தலையில் வைத்து ஆடுகிறார்கள். அந்த ஆள் கத்துகிற கத்தலை என்னால் இரண்டு பாட்டுக்கு மேல் தாங்க முடியவில்லை. சிநேகிதிமார் எனக்கு ரசனை இல்லை என்கிறார்கள். என்னில் பிழையா?
— வாசகி, மானிப்பாய்

பதில்: பிழை இல்லை தங்கச்சி. அல்பம் வந்த புதிதில் றோலிங் ஸ்டோன் இதழ் அதற்கு ஐந்தில் மூன்று நட்சத்திரத்தோடு நிறுத்திவிட்டது, பிட்ச்ஃபோர்க் 8.7 போட்டது. அதே பிட்ச்ஃபோர்க் 2005 மறுபதிப்புக்கு முழுசாகப் பத்துப் போட்டது. இடையில் நடந்தது என்னவென்றால், பாடகர் ஜெஃப் மாங்கம் அந்த அல்பத்தோடு ஒதுங்கிப் போய்விட்டார், வருடக்கணக்காக ஆளைக் காணவில்லை. காணாமல் போன ஆளின் பாட்டுக்கு ஒரு மவுசு வரும். அந்தப் பத்தில் ஒன்றாவது அந்தக் கதைக்குப் போட்டது என்று நான் சொல்வேன், சொன்னால் உங்கள் சிநேகிதிமார் என்னையும் விடமாட்டார்கள்.

ஆனால் 'பாடத் தெரியாதவன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அங்கேதான் நான் உங்களோடும் மோத வேண்டி இருக்கிறது. அந்தக் கத்தலுக்கு ஏற்ற மாதிரித்தான் மற்ற எல்லாமே அடுக்கப்பட்டிருக்கிறது. சாதாரண அக்குஸ்டிக் கிற்றாரை வேண்டுமென்றே அளவுக்கு மிஞ்சிய சத்தத்தில் பதிந்து கரகரக்க வைத்திருக்கிறார்கள். மென்மையான குரல் ஒன்று அதற்குள் போனால் ஆளே தெரியாது. தலைப்புப் பாட்டில் பின்னால் ஒரு பெண் முனகுகிற மாதிரிக் கேட்கிறதே, அது மரம் அரிகிற வாள். வாளை வளைத்துப் பிடித்து வயலின் வில்லால் இழுத்தால் வருகிற சத்தம். ட்ரம்பெற்றும் அக்கோர்டியனும் சேர்ந்து அங்கங்கே ஊர்வலத்து பாண்ட் போலப் போகும். 'ஓ கம்லி' எட்டு நிமிடப் பாட்டு, ஒரே மூச்சில் பதிந்தது. அது முடிகிற இடத்தில் ஸ்டூடியோவில் நின்ற ஒருவர் அசந்துபோய்க் கத்துவது அப்படியே கேட்கும், அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அதை ஒருதரம் கடைசிவரை கேளுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். என்ன பிடிக்கவில்லை என்று சரியாகச் சொல்லத் தெரிந்த ஆளுக்கு ரசனை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: ஒரு அல்பத்துக்குப் பூச்சியம் போட்ட விமர்சகர் பிறகு மன்னிப்புக் கேட்டது உண்மையா?
— வாசகர், சுன்னாகம்

பதில்: உண்மை. அமெரிக்கப் பாடகி லிஸ் ஃபெயர் 1993இல் 'எக்ஸைல் இன் கைவில்' என்ற அருமையான அல்பத்தைச் செய்தவர். 2003இல் அவ்ரில் லவீனுக்குப் பாட்டுச் செய்து கொடுத்த ஆட்களோடு சேர்ந்து பளபளப்பான பொப் பாட்டுப் பாடியதும் அந்த அல்பத்துக்குப் பிட்ச்ஃபோர்க் 0.0 போட்டது. எழுதியவர் 2019இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், 2021இல் புள்ளியும் 6.0 ஆனது. பூச்சியம் அநியாயம்தான், அது பாட்டுக்குப் போட்டதில்லை, 'எங்களை விட்டுப் போய்விட்டாயே' என்ற கோபத்துக்குப் போட்டது. அதற்காக அந்த அல்பம் நல்ல அல்பம் ஆகிவிடாது. ஆறும் எனக்குக் கூடத்தான்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அமெரிக்க றொக் பாட்டைப் பற்றி அங்கத்தைய விமர்சகர்களோடு சண்டை பிடிக்க உங்களுக்கு என்ன தகுதி? அவர்கள் அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள்.
— வாசகர், பருத்தித்துறை

பதில்: ஐயா, நீங்கள் கோயில் திருவிழாவில் மேளச்சமா பார்க்காத ஆள் இல்லை. இரண்டு மூன்று கூட்டம் மாறி மாறி வாசிக்க, வெளி வீதி மண்ணில் குந்தியிருக்கிற கமக்காரரும் கடைக்காரரும் 'இந்த இடத்தில் தவில் முந்திப் போட்டுது' என்று விடியவிடியத் தர்க்கப்படுவார்கள். அதில் எத்தனை பேர் தவில் பிடித்தவர்கள்? தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975இல் போய்ச் சேர்ந்துவிட்டார், இன்றைக்கும் இணுவில் பக்கம் போய் அவரைவிட இன்னார் திறம் என்று சொல்லிப் பாருங்கள், தேத்தண்ணி கிடைக்காது. அந்தச் சனம் யாரிடமும் தகுதிப் பத்திரம் வாங்கிவிட்டுக் கேட்டதில்லை, எந்த இடத்தில் என்ன நடந்தது என்று காதில் பிடித்து வைத்திருந்தார்கள்.

அதற்குள் பிறந்தவர்களுக்குத் தெரிந்தது நிறைய இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வரியில் வருகிற இடப்பெயர், நக்கல், எந்தக் குழு யாரோடு கோபம் என்பதெல்லாம் அவர்கள் சொன்னால்தான் எனக்கு விளங்கும். பேஸ் கிற்றார் என்ன செய்கிறது என்பதைக் கேட்க விசா தேவையில்லை.

கேள்வி: அண்ணா, எனக்கு அல்ப விமர்சனம் எழுத ஆசை. எத்தனை தரம் கேட்ட பிறகு எழுதலாம்? எல்லாரும் ஒன்றைச் சொல்லும்போது நான் வேறு சொன்னால் நக்கலடிக்க மாட்டார்களா?
— மாணவன், கொக்குவில்

பதில்: நக்கலடிப்பார்கள் தம்பி, அதைத் தடுக்க மருந்து இல்லை. எத்தனை தரம் என்று கணக்கு இல்லை, ஆனால் மற்றவர்கள் எழுதியதை வாசிக்க முதல் ஒருதரம் முழுசாகக் கேட்டு நாலு வரி எழுதி வைத்துவிடுங்கள், வாசித்த பிறகு உங்கள் காது எது, அவர்கள் காது எது என்று பிரிக்கவே முடியாது. 'ஆழமான', 'உணர்வுபூர்வமான' என்றெல்லாம் எழுதாமல் எந்தப் பாட்டில், எத்தனையாவது நிமிடத்தில், எந்த வாத்தியம் என்று எழுதுங்கள். உங்களோடு ஒத்துவராத ஆள் அந்த இடத்தைத் தானே போட்டுக் கேட்டுப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். எழுதினால் எனக்கு அனுப்புங்கள். உங்கள் பெடியள் வாசித்த பதிவு ஏதும் இருந்தால் அதையும் அனுப்பலாம், ஆனால் வாட்ஸ்அப் குரல் பதிவாக வேண்டாம், பேஸ் ஒன்றும் கேட்காது.