சாம்பலுக்குக் கீழே பச்சை: பழைய லேண்ட் ரோவரின் பெயின்டைக் காப்பதா, சுரண்டுவதா?

கேள்வி: பொகவந்தலாவையில் சில்லறைக் கடை நடத்துகிறேன். தேயிலைத் தோட்டத்தில் கழித்துவிட்ட லேண்ட் ரோவர் ஒன்றை என் தகப்பனார் ஏலத்தில் எடுத்திருந்தார். பன்னிரண்டு வருடங்களாக அது கொட்டிலில் நிற்கிறது. முன்விளக்குகள் இரண்டும் மட்காட்டில் இல்லாமல், நடுவில் கம்பி வலையை ஒட்டி நெருக்கமாக இருக்கின்றன. பக்கங்கள் இடுப்புக்குக் கீழே சற்றுப் புடைத்திருக்கின்றன. மேலே சாம்பல் நிறம் பிரஷால் பூசப்பட்டிருக்கிறது. கதவில் அது உரிந்த இடத்தில் கரும்பச்சையும், மஞ்சள் எழுத்து ஒன்றின் வாலும் தெரிகின்றன. ஹட்டனில் உள்ள பெயின்ட் பாஸ், தகடு வரை சுரண்டிப் புதிதாக அடித்தால்தான் வண்டி நிற்கும் என்கிறார். பழைய பெயின்டில் கைவைக்க வேண்டாம் என்கிறார் மச்சான். கடைக்குச் சாமான் ஏற்றவும், லீவு நாட்களில் பிள்ளைகளோடு ஹோர்டன் சமவெளிப் பக்கம் போய் வரவும் வண்டி வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவரும் பெயின்டைப் பற்றி வாதாடுகிறார்கள். வண்டியைத் தாங்கி நிற்பதோ பெயின்டுக்குச் சம்பந்தமில்லாத வேறு இரண்டு பகுதிகள். அவற்றைப் பார்த்து முடிக்கும் வரை சாம்பல், பச்சை இரண்டிலும் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

நீங்கள் தரும் அடையாளங்களைக் கொண்டு பார்த்தால் அது சீரிஸ் டூ அல்லது டூ-ஏ வகை. அதாவது 1958க்கும் 1969க்கும் இடையில் செய்யப்பட்டது. அதற்குப் பிறகு விளக்குகள் மட்காட்டுக்கு நகர்ந்துவிட்டன. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் காட்டப்பட்டபோது, போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் இரும்புத் தகடு பங்கீட்டில்தான் கிடைத்தது. ஆகையால் உடல் தகடுகளை மக்னீசியம் கலந்த அலுமினியத்தில் செய்தார்கள். அந்த வழக்கம் உங்கள் வண்டி வரையிலும் தொடர்ந்தது. கதவின் வெளித்தகடு, மட்காட், பொனட், பின்தொட்டி ஆகிய அனைத்தும் அலுமினியம் என்பதால், பெயின்ட் இல்லாவிட்டாலும் அவை துருப்பிடிக்கப் போவதில்லை. தகடு வரை சுரண்டாவிட்டால் வண்டி நிற்காது என்று பாஸ் சொன்னது இரும்பு உடல் கொண்ட ஜப்பானிய வண்டிகளுக்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது.

முக்கியமாக இரும்பாக இருப்பவை அடிச்சட்டமாகிய செசியும், எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் நிற்கும் பல்க்ஹெட் என்னும் தடுப்புச் சுவரும், கதவுகளின் உட்சட்டங்களும். தோட்டத்து வண்டிகளில் இவற்றைக் குறிப்பாகச் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கு மழையைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. கொழுந்துச் சாக்கு ஏற்றாத நாட்களில் இவை உரமூட்டை ஏற்றின. சிந்திய அமோனியம் சல்பேட் தொட்டியின் இடுக்குகள் வழியாக இறங்கிச் செசியின் பின் குறுக்குச்சட்டத்தில் சேற்றோடு சேர்ந்து கட்டியாகிவிடும். மலையில் மூட்டம் இறங்கும் ஒவ்வொரு மாலையிலும் அந்தக் கட்டி ஈரத்தை உறிஞ்சி இரும்பை உள்ளிருந்து தின்னும். நான் திறந்து பார்த்த தோட்டத்து வண்டிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் முன்பகுதி திடமாக இருக்க, பின் குறுக்குச்சட்டம் மட்டும் மாரி பிஸ்கட் போல் உதிர்ந்தது.

சோதிக்கும் முறை எளியது. வண்டியை முட்டுக்கட்டை மேல் ஏற்றி நிறுத்தி, சேற்றைத் தண்ணீரால் கழுவி, இரண்டு நாள் காயவிடுங்கள். பிறகு சிறு சுத்தியலால் செசி நெடுகிலும் ஒரு சாணுக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று பதில் சொல்லும். உளுத்த இடம் ‘பொத்’ என்று அமுங்கும். அங்கே சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, திருப்புளியின் முனையால் குத்திப் பாருங்கள். ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் தாங்கிகள், பக்கவாட்டில் நீளும் கைச்சட்டங்கள், பின் குறுக்குச்சட்டம், பல்க்ஹெட்டில் கால் வைக்கும் பள்ளங்கள், கதவுக் கீல் பொருந்தும் தூண்களின் அடி ஆகிய ஐந்து இடங்களிலும் பொறுமையாக நில்லுங்கள். வட்டங்கள் அதிகமானால் உங்களிடமுள்ள பணம் முழுவதும் அங்கேதான் போக வேண்டும். புதுப் பெயின்ட் பளபளக்கும், ஸ்பிரிங் தாங்கி கழன்ற வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பட்டிப்பொல இறக்கத்தில் வருவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

செசியைச் சுரண்டவோ வெல்டிங் செய்யவோ தொடங்குமுன் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. முன் வலப்பக்க ஸ்பிரிங் தாங்கியில் செசி இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்து, பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கத்துடன் ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரைக்கும் எந்திரம் அந்த இலக்கத்தைத் தின்றுவிட்ட பிறகு, பரிசோதகரிடம் நீங்கள் சொல்லும் எந்தக் காரணமும் எடுபடாது.

இனிப் பெயின்டுக்கு வருகிறேன். பச்சை தொழிற்சாலையில் அடித்ததுதானா, அல்லது அதுவும் இடையில் யாரோ அடித்ததா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். இருக்கைக்குக் கீழுள்ள பெட்டி மூடிகளின் உட்புறம், டாஷ்போர்டில் மீட்டர் தகட்டைக் கழற்றினால் தெரியும் பின்பக்கம், கதவுக் கீல்களின் மறைவு ஆகியவற்றைப் பாருங்கள். பிரஷ்காரன் எட்டாத இடங்கள் அவை. அங்கெல்லாம் ஒரே பச்சை, மெல்லியதாக, பிரஷ் கோடுகள் இன்றி இருந்தால் அது பிறவி நிறம். மேலும் ஓர் ஆதாரம் வேண்டுமானால், பின்தொட்டியின் கண்ணில் படாத ஒரு மூலையில் பழைய இரண்டு ரூபாய்க் குற்றியளவு இடத்தை 600 ஆம் இலக்க வாட்டர் பேப்பராலும், பிறகு 1000 ஆம் இலக்கத்தாலும் தண்ணீர் விட்டு வட்டமாகத் தேயுங்கள். வெட்டிய மரத்தின் வளையங்களைப் போல் சாம்பல், இடைப்பூச்சு இருந்தால் அது, பச்சை, பிரைமர் என்னும் அடிப்பூச்சு, கடைசியில் வெள்ளி நிற அலுமினியம் என அடுக்குகள் வரிசையாக வெளிவரும். தண்ணீர் விடாமல் உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதன் தூசு பிள்ளைகள் புழங்கும் வீட்டுக்குள் போகவே கூடாது.

சாம்பல் பூச்சுக்கும் ஒரு கதை இருக்கலாம். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, அவற்றைப் பெரும்பாலும் இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் ஒப்படைத்தது. அப்போது தோட்டத்து வண்டிகளின் கதவிலிருந்த கம்பெனிப் பெயர்கள் பல அழிக்கப்பட்டன. உங்கள் கதவில் தெரியும் மஞ்சள் வால் அப்படி மூடப்பட்ட பெயராக இருக்கலாம் என்பது என் ஊகம். யாரோ கணக்குப்பார்த்து மலிவான எனாமல் வாங்கி, அடியைத் தேய்க்காமலே பிரஷால் பூசியிருக்கிறார்கள். அந்தச் சோம்பேறித்தனம் இன்றைக்கு உங்களுக்கு அதிர்ஷ்டம். தேய்க்காத பச்சையின் மேல் பூசியதால்தான் சாம்பல் அப்படி உரிகிறது.

ஆகவே என் யோசனை, இரண்டு கதவுகளிலிருந்தும் சாம்பலைக் கையால் எடுத்துப் பச்சையையும் எழுத்தையும் வெளிக்கொணர்வது. வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துக் கதவின் மேல் ஒரு மணித்தியாலம் போட்டு வைத்து, ஓரம் கூராக்கிய பிளாஸ்டிக் அட்டையால் உரிந்த விளிம்பிலிருந்து தொடங்குங்கள். வராத இடத்தை வற்புறுத்தாமல் 1000 ஆம் இலக்கத் தாளால் மெல்லத் தேயுங்கள். பச்சை புகைபோல் தெரியத் தொடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு கதவுக்கு எனக்கு மூன்று நாள் பிடிக்கும். தின்னர் தொடவே வேண்டாம். அது சாம்பலை மட்டும் கரைத்துவிட்டுப் பச்சைக்கு வந்ததும் நிற்கப் போவதில்லை. எழுத்துகளின் மேல் பிறகு கட்டிங் பொலிஷ் போடுவதும் கூடாது. கையால் எழுதிய மஞ்சள் இரண்டு தேய்ப்பில் துணியோடு வந்துவிடும். மற்றப் பகுதிகளில் பச்சை வெளுத்துப் பொடிபோல் ஒட்டினால், மிக மெல்லிய பொலிஷை மறைவிடத்தில் சோதித்துவிட்டுக் கையால் தேய்த்து, மெழுகு பூசுங்கள். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெயும் டீசலும் தடவும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. ஒரு வாரத்துக்கு அழகாகத்தான் இருக்கும். பிறகு தோட்டத்துப் புழுதி முழுவதும் அதில்தான் வந்து குடியேறும்.

எல்லாத் தகடுகளுக்கும் இதே மரியாதை தேவையில்லை. பின்தொட்டியின் தரையில் அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டரும் இழுபடப் போகின்றன. அங்கே பழமை பார்ப்பது வீண், ரப்பர் விரிப்பைப் போட்டு மூடிவிடுங்கள். மட்காட்டில் நசுங்கல் பெரிதாக இருந்து தகடு வரை போக வேண்டி வந்தால் அந்த ஒன்றை மட்டும் புதிதாக அடியுங்கள். நிறத்துக்குப் பிரித்தானிய வண்ணத் தரம் 381-சியில் 224 ஆம் எண்ணுள்ள கரும் வெண்கலப் பச்சையைத் தொடக்கமாகக் கொள்ளலாம். ஆனால் அறுபது வருட வெயில் பட்ட பச்சை எந்த அட்டையோடும் ஒத்துவராது. பொலிஷ் செய்த பக்கத்துத் தகட்டையே மாதிரியாக வைத்து, பட்டப்பகலில் வெளியில் நின்று கலக்கச் சொல்லுங்கள். தகடுகளின் விளிம்பிலும் மூலையிலும் ஓடும் துத்தநாகம் பூசிய உலோகப் பட்டைகள் பிறவியிலேயே பெயின்ட் அடிக்கப்படாதவை. அவற்றுக்குச் சில்வர் அடித்துத் தருகிறேன் என்று பாஸ் அன்போடு கேட்பார், மறுத்துவிடுங்கள்.

வெறும் அலுமினியத்தில் வேலை செய்யும்போது நம்மூர்க் கராஜ்களில் வழக்கமாக நடக்கும் மூன்று தவறுகள் இருக்கின்றன. முதலாவது, பெயின்டைக் கழற்றக் கோஸ்டிக் சோடா பூசுவது. அது பெயின்டோடு அலுமினியத்தையும் கரைக்கும். இரண்டாவது, இரும்புக் கம்பிப் பிரஷால் தேய்ப்பது. அதன் துகள்கள் தகட்டில் புதைந்து, பெயின்டுக்குக் கீழே பிறகு கொப்புளமாக எழும். மூன்றாவது, காற்றழுத்தத்தால் மணலை அடித்துப் பெயின்டைக் கழற்றும் மணல் வீச்சு. இதை நானே அனுபவித்தேன். தொழிலுக்கு வந்த புதிதில், கழற்றிய பொனட் ஒன்றை நேரம் மிச்சமாகும் என்று மணல் வீசும் இடம் ஒன்றுக்குக் கொடுத்தனுப்பினேன். மாலையில் வந்தது பொனட் இல்லை, வெயிலில் காய்ந்த அப்பளம். சொந்தக்காரருக்கு வேறொரு பொனட் தேடிக் கொடுக்க நான்கு மாதம் அலைந்தேன். செசிக்கு மணல் வீசட்டும், அலுமினியத்தின் பக்கம் அந்தக் குழாய் திரும்பவே வேண்டாம்.

சுத்தம் செய்த அலுமினியத்துக்கு அன்றைக்கே, உலோகத்தைச் சற்று அரித்துப் பற்றிக்கொள்ளும் எட்ச் பிரைமரை மெல்லியதாக ஒரு கை அடிக்க வேண்டும். அந்தப் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது என்பதால், அதை இரவு மூட்டத்தில் வெறுமனே விடாமல், காய்ந்ததும் மேல் பிரைமரால் மூடிவிட வேண்டும். எட்ச் பிரைமரின் மேல் நேரடியாகப் பள்ளம் நிரப்பும் பட்டி வைக்கவும் கூடாது. ஹார்ட்னர் என்னும் கெட்டியாக்கியைக் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்ட்தான் வேண்டும் என்று பாஸ் சொன்னால், அந்த ஹார்ட்னரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருப்பதை நினைவூட்டுங்கள். மூக்கில் கட்டும் துணிக்கும் கடதாசி முகமூடிக்கும் அது அடங்காது, வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி வேண்டும். அது இல்லாத கராஜில் அந்த வேலையைக் கொடுப்பது அவருடைய நுரையீரலை விலைபேசுவதற்குச் சமம். மீண்டும் பூட்டும்போது அலுமினியமும் இரும்பும் நேராக ஒட்டும் இடங்களில் எல்லாம் பிற்றுமன் நாடாவோ நைலோன் வாஷரோ இடையில் வையுங்கள். ஈரம் படும்போது அவ்விரு உலோகங்களுக்கும் இடையில் சிறு மின்னோட்டம் பிறந்து, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்வது அங்கேதான். பித்தளை ஆணிகளை அறவே தவிருங்கள்.

காலமும் முக்கியம். உங்கள் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அதன்பின் ஐப்பசி, கார்த்திகை இடிமழை. ஆகவே செசி வேலையைக் கூரைக்குக் கீழே அந்த மாதங்களில் முடித்து, பெயின்டை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் வேறாக உள்ள பண்டாரவளைப் பக்கத்தில் நீங்கள் இருந்தால் இதையே ஜூனுக்குப் பின் என்று மாற்றிச் சொல்லியிருப்பேன். ஜனவரியில் இரவுப் பனி தகட்டில் காலை வரை நிற்கும் என்பதால் பத்து மணிக்கு முன் பெயின்ட் துப்பாக்கியைத் தொட வேண்டாம். பிற்பகல் மூன்றுக்கு மேல் மூட்டம் இறங்கிவிடும். விரல் நுனியால் தொட்டால் தகடு குளிர்ந்து ஈரம் தட்டுகிற நாளில் அடித்த பெயின்ட் பால்போல் வெளுத்துவிடும்.

கடைசியாகப் பதிவுப் புத்தகத்தை எடுத்து நிறம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பச்சை என்றே இருந்தால் சிக்கல் இல்லை. சாம்பல் என்று பின்னர் மாற்றியிருந்தால், பச்சை வெளியே வந்ததும் அந்த மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் இலக்கத்தையும் அப்போதே ஒப்பிட்டுவிடுங்கள். தோட்டத்து லேண்ட் ரோவர்களில் பெற்றோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சின் இறக்கியவை ஏராளம், அவை எல்லாவற்றிலும் புத்தகம் திருத்தப்படவில்லை.