காலி அறையிலும் நாய் உட்காருதா? கயிற்றைக் கவனிங்க

பயிற்சியில பொருளை ஒளிச்சு வெச்ச இடத்துல சரியா உட்கார்ந்து காட்டுற உங்க மோப்ப நாய், காலி அறையிலயும் உட்காருதுன்னு எழுதியிருக்கீங்க. மூக்குல கோளாறு இல்ல சார், அது உங்களைப் படிக்குது. ஒளிச்ச இடம் உங்களுக்குத் தெரிஞ்சதால அந்த அலமாரி கிட்ட வந்ததும் உங்க நடை குறையும், கயிறு லேசா இறுகும், கை பரிசா குடுக்கற பந்து இருக்கற பைக்குப் போகும். அதுக்கு அவ்வளவு போதும், காலி அறையில நீங்க அப்படித் தயங்கினாலும் உட்கார்ந்துடும்.

இனி வேற ஒருத்தர் ஒளிக்கட்டும், இடத்தை உங்ககிட்ட சொல்லவே கூடாது. அரை மணி நேரம் கழிச்சுத் தேடுங்க, வாசனை பரவணும். நாலு அறையில ஒண்ணாவது முழுக்கக் காலியா இருக்கட்டும். டப்பா, டேப், கையுறை வாசனைக்கே உட்காருற நாயும் உண்டு (இதைத்தான் பலர் மறந்துடறாங்க), அதனால பொருள் இல்லாத அதே டப்பாவையும் ஒரு மூலையில வைங்க. அதுக்கு உட்கார்ந்தா திட்ட வேண்டாம், பந்தும் கிடையாது, பேசாம நகருங்க.